ஃபண்ட் எப்போ சார் வரும்? ஆராய்ச்சிக்கும் ஆஸ்பத்திரிக்கும் அரசுப் பணம் வர்ற வழி

தரமணி_தவளை (இழையைத் தொடங்கியவர்) | திங்கள், இரவு 11:40

ஜூன் மாச ஃபெலோஷிப் வந்ததோட சரி. இப்ப நவம்பர். எந்த இன்ஸ்டிட்யூட், எந்த ஸ்கீம்னு கேக்காதீங்க, கைடுக்குத் தலைவலி வரும். ஆபீஸ்ல கேட்டா "மேலேர்ந்து ரிலீஸ் ஆகல". மேல கேட்டா "உங்க ஆபீஸ் யு.சி., அதான் செலவுச் சான்றிதழ், அனுப்பல". அனுப்பியாச்சுன்னு காப்பியை நீட்டினா "போர்ட்டல்ல காட்டல".

வேளச்சேரியில மூணு பேர் ஷேரிங். ஹவுஸ் ஓனர் இதுவரைக்கும் வாயைத் திறந்து கேக்கல, ஆனா மாடிப்படியில நின்னு பாக்குற பார்வை இருக்கே. அப்பா "கவர்ன்மென்ட் சம்பளம்னா ஒண்ணாந்தேதி வருமேடா"ங்கிறார். சம்பளம் இல்லப்பா, ஊக்கத்தொகைன்னு சொன்னா, "சரி, ஊக்கமாவது வந்துச்சா?"ன்னு கேக்குறார்.

2023-ல ஜே.ஆர்.எஃப்., அதான் ஜூனியர் ஃபெலோஷிப், மாசம் 31,000-லேர்ந்து 37,000 ஆச்சு. பார்ட்டி கொடுத்தோம். 2025 ஜூலையில ஆராய்ச்சிக்கு 1 லட்சம் கோடி ஃபண்டுன்னு கேபினட் ஒப்புதல் கொடுத்ததும் சொந்தக்காரங்க எல்லாரும் போன் பண்ணாங்க, "உனக்கு எவ்ளோ வரும்?"னு. எங்க லேப்ல மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசருக்கு ஏ.எம்.சி., அதான் வருஷாந்திர பராமரிப்பு ஒப்பந்தம், புதுப்பிக்கப் பணம் இல்ல. அதுக்குள்ள நாலு பேரோட தீசிஸ் இருக்கு.

இவ்ளோ கோடி எங்கதான் போகுது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

அரைடிக்கெட் | திங்கள், இரவு 11:58

ரொம்ப சிம்பிள் ப்ரோ. மாசா மாசம் 1,000 ரூபாய் சும்மா கொடுக்கக் காசு இருக்கும், ஓசி பஸ்ஸுக்குக் காசு இருக்கும், விஞ்ஞானத்துக்கு இருக்காது. ஓட்டு எங்க இருக்கோ துட்டு அங்க.

---

சைதை_சாந்தி | செவ்வாய், காலை 6:15

அரைடிக்கெட் தம்பி, டியூட்டிக்குக் கிளம்பும்போது பாத்தேன், பதில் சொல்லாம போக மனசு வரல.

நான் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துல லேப் டெக்னீஷியன். ஒப்பந்தம். பதினோரு மாசம் வேலை, ஒரு நாள் பிரேக், மறுபடி பதினோரு மாசம். ஓசி பஸ்ஸுல போய்தான் தம்பி உங்களுக்கு டெங்கு இருக்கா இல்லையான்னு பாக்குறேன். பஸ் காசு மிச்சமாகி அது என் பொண்ணோட டியூஷன் ஃபீஸா போகுது. விஞ்ஞானம் படிக்கத்தான் டியூஷன்.

இன்னொண்ணு. அந்த 1,000 கொடுக்கிறது மாநில அரசு. தவளைத் தம்பிக்கு நிலுவையில இருக்கிறது டெல்லிப் பணம். பக்கத்து வீட்டுக்காரன் பாயசம் வச்சதாலதான் நம்ம வீட்ல சோறு இல்லன்னு சொன்னா எப்படி?

---

ஓய்வுபெற்ற_கணக்கர் | செவ்வாய், காலை 9:30

சாந்தி அம்மா சொன்னது சரி. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முப்பது வருடம் கிராண்ட் கணக்கு பார்த்தவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முன்பெல்லாம் திட்டப் பணம் நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் வந்து உட்காரும். செலவாகாதது அடுத்த ஆண்டுக்குத் தொடரும். டெல்லிக்கு அதில் ஒரு கோபம். அரசாங்கம் கடன் வாங்கி வட்டி கட்டுகிறது, அதே பணம் ஆயிரக்கணக்கான சேவிங்ஸ் கணக்குகளில் படுத்துத் தூங்குகிறது. நியாயமான கோபம்தான். ஆகவே ஜீரோ பேலன்ஸ் கணக்கு, ட்ரெஷரி சிங்கிள் அக்கவுண்ட் என்று கொண்டுவந்தார்கள். உங்களிடம் இருப்பது பணம் அல்ல, செலவு செய்ய ஒரு வரம்பு மட்டும். மார்ச் 31 நள்ளிரவில் மிச்சமுள்ள வரம்பு காலாவதி.

காகிதத்தில் அழகான ஏற்பாடு. நடப்பது என்ன? பட்ஜெட் பிப்ரவரியில். புது ஆண்டின் முதல் ரிலீஸுக்கு முந்தைய ஆண்டின் யு.சி. வேண்டும். அதற்குக் கணக்கு முடிக்க வேண்டும், கையெழுத்து வேண்டும், ஜூலை ஆகஸ்ட் ஆகிவிடும். பல சமயம் ஜனவரியில் பணம் வரும், மார்ச்சுக்குள் செலவு செய் என்பார்கள். கருவி வாங்க ஜெம் என்ற அரசுக் கொள்முதல் போர்ட்டல், டெண்டர், எல்-1 எனப்படும் குறைந்த விலைக்காரர் தேர்வு. மூன்று மாதத்தில் முடியாது. பணம் லேப்ஸ். மறு வருடம் "போன தடவை கொடுத்ததையே நீங்கள் செலவு செய்யவில்லையே" என்று வெட்டுவார்கள்.

ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு ஜெம்மில் இருந்து விலக்கு 2025 ஜூனில்தான் வந்தது. டெண்டர் இல்லாமல் நேரடியாக வாங்கும் வரம்பும் 1 லட்சத்திலிருந்து 2 லட்சம் ஆனது. நல்ல காரியம். யார் செய்தாலும் நல்லது என்று சொல்ல வேண்டும்.

அடுத்து உங்கள் 1 லட்சம் கோடி. அது ஆர்.டி.ஐ. நிதி. தகவல் உரிமைச் சட்டம் இல்லை, ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்கம். அது தனியார் துறைக்குக் குறைந்த வட்டியிலோ வட்டியில்லாமலோ நீண்டகாலக் கடனாகவும் முதலீடாகவும் போகிற பணம். உங்கள் ஃப்ரீசருக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. 2025-26 மத்திய பட்ஜெட்டில் அதற்கென 20,000 கோடி ஒதுக்கினார்கள், அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஒதுக்கீடே திடீரென்று வீங்கியது போலத் தெரிந்தது அதனால்தான்.

தேசிய ஆராய்ச்சி நிதியம் இன்னொரு கதை. 2023-ல் சட்டம். ஐந்து வருடத்தில் 50,000 கோடி என்றார்கள். அதில் 36,000 கோடி தொழில் நிறுவனங்களிடமிருந்தும் நன்கொடையாளர்களிடமிருந்தும் வரவேண்டியது. வரப்போகும் மொய்யை நம்பி மண்டபம் புக் செய்கிற கதை.

---

அரைடிக்கெட் | செவ்வாய், காலை 10:05

அங்கிள் இவ்ளோ பெரிய பதிவு போட்டு யார்மேல தப்புன்னு சொல்லவே இல்ல. டெல்லியா, கோட்டையா?

---

அடையாறு_ஆலமரம் | செவ்வாய், மதியம் 1:20

நான் சொல்றேன், டெல்லி. கணக்கைப் பாருங்க. நாடு மொத்தமா ஆராய்ச்சிக்குச் செலவு பண்றது ஜி.டி.பி.யில 0.64 சதவீதம். தென்கொரியா 5 சதவீதத்தை ஒட்டி இருக்கு. 2017-ல விஞ்ஞானிகளே தெருவுக்கு வந்து 3 சதவீதம் கேட்டு ஊர்வலம் போனாங்க, சென்னையிலயும் நடந்துச்சு, நானும் போனேன். ஒண்ணும் நடக்கல.

நமக்குன்னு வர்றப்ப இன்னும் மோசம். மத்திய வரியில மாநிலங்களுக்குப் பிரிக்கிற தொகையில, 15-வது நிதிக்குழு பங்கீட்டுப்படி தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதம். அதுவும் செஸ், சர்சார்ஜ் எல்லாம் கழிச்ச பிறகு மிஞ்சுற தொகையில. மிக்ஜாம் புயல், தென்மாவட்ட வெள்ளம் ரெண்டுக்கும் சேர்த்து மாநிலம் கேட்டது 37,000 கோடிக்கு மேல, 2024 ஏப்ரல்ல தேசியப் பேரிடர் நிதியிலேர்ந்து வந்தது 276 கோடி. சமக்ர சிக்ஷாங்கிற பள்ளிக்கல்வித் திட்டத்துல 2024-25-க்கு வரவேண்டிய 2,152 கோடி, பி.எம். ஸ்ரீங்கிற மத்தியப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்துல கையெழுத்து போடலன்னு நின்னுபோச்சு. மாநிலம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. பள்ளிக்கூடப் பணத்துக்குப் புதிய கல்விக் கொள்கையைச் சாப்பிடணும்னு நிபந்தனை போட்டா அது நிதியா, கந்துவட்டியா?

---

கிண்டிக்காரன் | செவ்வாய், மாலை 4:48

ஆலமரம், ஊர்வலத்துல நானும் இருந்தேன். ஆனா பாதிக் கதைதான் சொல்றீங்க.

மாநிலப் பல்கலைக்கழகங்களைப் பாருங்க. சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல ஆரம்பிச்சது. 2023 ஆகஸ்ட்ல துணைவேந்தர் நாற்காலி காலியாச்சு. ஆளுநரும் அரசும் தேடல் குழுவுல யார் உட்காரணும்னு மல்லுக்கட்ட, 2024 பிப்ரவரியில வருமான வரித்துறை பல்கலை கணக்குகளையே முடக்குச்சு. பென்ஷன்காரங்க கேட்டுக்கு வெளிய நின்னாங்க. இதுல டெல்லிக்கு எத்தனை பங்கு, ராஜ்பவனுக்கு எத்தனை பங்கு, கோட்டைக்கு எத்தனை பங்குன்னு பிரிச்சுக்கிட்டே இருக்கலாம். ஆனா பல்கலைக்கு ஆண்டு மானியம் எவ்வளவுன்னு முடிவு பண்றது மாநிலம்தான்.

இன்னொண்ணு, நியூட்ரினோங்கிற நுண்துகளை ஆராயுற ஆய்வுக்கூடம். 2015 ஜனவரியில சுமார் 1,500 கோடிக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல். தேனி பொட்டிபுரம் மலைக்கு அடியில. மக்களோட பயத்தைப் புரிஞ்சுக்க விஞ்ஞானிகள் தவறிட்டாங்க, ஒத்துக்கிறேன். டெல்லியிலேர்ந்து வந்து இங்கிலீஷ்ல பவர்பாயிண்ட் காட்டினா யாரு நம்புவா? மலையும் புலி வழித்தடமும் பத்தின கேள்வியும் சும்மா இல்ல. ஆனா நம்ம கட்சிகள்ல ஒண்ணாவது உட்காந்து "எது நிஜ ஆபத்து, எது புரளி"ன்னு ஊர் மக்கள்கிட்ட பிரிச்சுச் சொல்லுச்சா? பெரும்பாலானவங்க எதிர்ப்புப் பக்கமே நின்னாங்க, அதுதான் சேஃப். நிதி கொடுத்தும் வேண்டாம்னு சொன்ன அபூர்வக் கேஸ்.

---

அரைடிக்கெட் | செவ்வாய், மாலை 5:02

வந்துட்டாருய்யா சங்கி

---

கிண்டிக்காரன் | செவ்வாய், மாலை 5:10

போன வாரம் வேற இழையில என்னை உ.பி., அதான் தி.மு.க. உடன்பிறப்புன்னு சொன்னதும் நீதான் தம்பி. ஏதாவது ஒண்ணுல நிலையா நில்லு.

---

மட்டுறுத்துநர் | செவ்வாய், மாலை 5:31

கட்சிச் சண்டைக்குன்னு தனி இழை இருக்கு. அரைடிக்கெட், இது முதல் எச்சரிக்கை. நடுவுல வந்த பதினோரு பதிவை அந்த இழைக்கு நகர்த்திட்டேன்.

---

மழைமானி | செவ்வாய், இரவு 8:15

வெளிய கொட்டுது, கரன்ட் வேற கண்ணடிக்குது, இருக்கும்போதே எழுதிடறேன்.

எனக்கு இந்த "எத்தனை கோடி" பேச்சுலயே சலிப்பு. 2021 டிசம்பர் 30 ஞாபகம் இருக்கா? காலையில சாதாரண மழைன்னு போயிட்டு சாயங்காலம் மவுண்ட் ரோட்ல முழங்கால் தண்ணி. நுங்கம்பாக்கம் வானிலை மையத்தை எல்லாரும் திட்டினாங்க. முதல்வர் மத்திய உள்துறைக்கே கடிதம் எழுதினார். வானிலை மத்தியப் பட்டியல்ல இருக்கு, வெள்ளத்துல மாட்டிக்கிறவன் மாநிலப் பட்டியல்ல இருக்கான். அதனால மாநிலமே தனியா ரேடார், தானியங்கி மழைமானின்னு இறங்குச்சு. 2024 செப்டம்பர்ல மத்திய அரசு மிஷன் மௌசம்னு 2,000 கோடி அறிவிச்சது. ரெண்டுமே சரியான முடிவு.

ஆனா நான் பத்து வருஷமா மழை அளக்குற கிறுக்கன். தானியங்கி மழைமானி எப்படி வேலை செய்யும் தெரியுமா? புனல் வழியா தண்ணி இறங்கி குட்டி வாளி நிரம்பும், சாயும், ஒவ்வொரு சாய்வும் ஒரு கணக்கு. அந்தப் புனல்ல ரெண்டு வேப்பிலையும் கொஞ்சம் காக்கா எச்சமும் விழுந்தா போதும். ஊரே முழுகிட்டு இருக்கும், ஸ்டேஷன் 4 மி.மீ.ன்னு காட்டும். அதைத் துடைக்க ஒரு ஆள் வேணும். மாசத்துக்கு ஒரு தடவை, ஒரு துணி, ஒரு ஏணி. எந்த அறிவிப்புலயும் அந்த ஏணி வராது. ரேடார் திறக்கத்தான் அமைச்சர் வருவார், புனல் துடைக்க யார் ரிப்பன் வெட்டுவா?

---

செங்கை_செல்வம் | செவ்வாய், இரவு 9:40

மழைமானி அண்ணே, எங்க ஊர்ல வந்து பாருங்க. ரிப்பனும் ஒழுங்கா வெட்டல.

செங்கல்பட்டு திருமணியில 100 ஏக்கர்ல தடுப்பூசி வளாகம். கதை கிண்டியிலேர்ந்து தொடங்குது. 2008 ஜனவரியில கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம், குன்னூர் பாஸ்டர் நிறுவனம், இமாச்சல் கசௌலி நிறுவனம், தடுப்பூசி தயாரிச்ச இந்த மூணு அரசு நிறுவனத்துக்கும் லைசென்ஸ் நிறுத்தம். உற்பத்தித் தரம் சர்வதேச விதிக்கு ஒத்துவரலன்னு காரணம். அப்ப மத்திய சுகாதார அமைச்சரே தமிழ்நாட்டுக்காரர்தான். மூணும் பல வருஷமா பராமரிக்காம விட்ட பழைய கட்டடங்கள். புதுப்பிக்கிறதை விட்டுட்டு மூடினாங்க, அப்புறம் 2010-ல திறந்தாங்க. நடுவுல தனியார்கிட்ட வாங்கினோம். இனிமே இப்படி ஆகக்கூடாதுன்னு 2012-ல 594 கோடிக்குத் திருமணி வளாகம் ஒப்புதல் ஆச்சு.

கட்டினாங்க. மெஷின் வந்துச்சு. செலவு ஏறிட்டே போச்சு, ஓடவைக்க வேண்டிய பணம் வரல. 2021-ல கோவிட் ரெண்டாவது அலை, நாடே ஊசிக்கு அலையுது, எங்க ஊர் வளாகத்துலேர்ந்து ஒரு டோஸ் வரல. மே மாசம் முதல்வர் நேர்ல வந்து பாத்தாரு, மாநிலத்துக்குக் குத்தகைக்குக் கொடுங்கன்னு கடிதம் போச்சு. நடத்த ஆள் வேணும்னு மத்திய அரசும் டெண்டர் விட்டுச்சு, யாரும் வரல. எங்க சித்தப்பா பையன் அந்த ரோட்லதான் டீக்கடை போட்டான், கம்பெனி வந்தா பிசினஸ் பிச்சுக்கும்னு. இப்ப கடையை சிங்கப்பெருமாள்கோயிலுக்கு மாத்திட்டான்.

யானை வாங்கினவன் அங்குசத்துக்குக் கணக்கு பாத்தானாம்.

---

பாஸ்டன்_மாம்பலம் | புதன், அதிகாலை 3:12

இங்க பகல். வெஸ்ட் மாம்பலத்துக்காரன், இப்ப பாஸ்டன்ல போஸ்ட்டாக். "அமெரிக்காவுல பாரு"ன்னு யாரும் சொல்றதுக்குள்ள நானே வந்துட்டேன்.

2025 பிப்ரவரியில என்.ஐ.எச்., அதான் இங்க மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி கொடுக்குற அரசு அமைப்பு, ஒரு வெள்ளிக்கிழமை உத்தரவு போட்டுச்சு. இனிமே மறைமுகச் செலவுக்கு எல்லாருக்கும் 15 சதவீதம்தான்னு. பெரிய பல்கலைகள் சிலதுக்கு அது 60 சதவீதத்தைத் தாண்டி இருந்தது. கேக்குறப்ப நியாயமாத்தான் இருக்கும், பணக்காரப் பல்கலைக்கு எதுக்கு இவ்ளோன்னு. ஆனா அந்த மறைமுகச் செலவுங்கிறது தவளை சொன்ன ஃப்ரீசரோட கரன்ட் பில்லும், எலிக்கூண்டு கழுவுறவரோட சம்பளமும். கோர்ட் தடை போட்டுச்சு. இருந்தாலும் எங்க துறையில புதுசா ஆள் எடுக்கறதை நிறுத்திட்டாங்க. திரும்பி வரலாமான்னு யோசிச்சு இந்த இழையைத் திறந்தேன். நல்லா ஊக்கம் கொடுத்தீங்க, நன்றி.

---

தரமணி_தவளை | புதன், காலை 8:02

@பாஸ்டன்_மாம்பலம் வாங்க ப்ரோ, எங்க ரூம்ல நாலாவது பெட் காலியா இருக்கு. வாடகை மட்டும் நீங்க கட்டணும்.

---

சேத்துப்பட்டு_பாட்டி | புதன், காலை 11:25

பேத்தி டைப் பண்ணித் தர்றா. எனக்கு வயசு எண்பத்திரெண்டு.

எல்லாரும் அழுதே தீக்கிறீங்களே, நல்லதையும் ஒண்ணு சொல்லணும்னு தோணிச்சு. சேத்துப்பட்டுல காசநோய் ஆராய்ச்சி மையம் 1956-ல வந்துச்சு. சென்னை அரசாங்கம், ஐ.சி.எம்.ஆர்.ங்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், நாலு பேரும் சேந்து. அப்பல்லாம் டி.பி.ன்னா சானடோரியம்ங்கிற காசநோய் ஆஸ்பத்திரி, தாம்பரம் பக்கம் போனவங்க திரும்பி வர்றது ஆண்டவன் சித்தம். படுக்கை எல்லாருக்கும் எங்க இருந்துச்சு? அந்த டாக்டருங்க பாதிப் பேரை சானடோரியத்துக்கும் பாதிப் பேரை அவங்க வீட்டுக்கும் அனுப்பி, ரெண்டு பக்கமும் ஒரே மாத்திரை கொடுத்துப் பாத்தாங்க. வீடுன்னா பங்களா இல்ல, எங்க தெரு மாதிரி ஒண்டுக்குடித்தனம், அரை வயித்துக் கஞ்சி. 1959-ல முடிவு வந்துச்சு. வீட்லயே வச்சு குணப்படுத்தலாம், கூட இருக்கிறவங்களுக்கும் அதனால கூடுதலா தொத்திக்கல.

உலகம் பூரா சானடோரியம் மூடினதுக்கு இந்த ஊர்ப் பாவப்பட்ட ஜனங்களும் ஒரு காரணம். எங்க அக்கா வீட்டுக்காரர் அந்தக் காலத்துல வீட்லயே இருந்து மாத்திரை சாப்பிட்டுப் பிழைச்சவர், தொண்ணூறு வரைக்கும் இருந்தார். மாத்திரை சாப்பிட்டாரான்னு பாக்க வீட்டுக்கே ஆள் வரும், அதான் முக்கியம்னு சொல்லுவார். வெயில்ல நடந்து வந்த அந்தப் பொம்பளைங்களுக்கு மாசச் சம்பளம் ஒழுங்கா வந்திருக்கும்னு நம்பறேன்.

---

சைதை_சாந்தி | புதன், மதியம் 2:10

பாட்டி, படிச்சு கண்ணு கலங்கிடுச்சு.

எனக்குத் தெரிஞ்ச இன்னொரு நல்ல விஷயம் மருந்துக் கிடங்கு. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல வந்துச்சு. அதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தனித்தனியா வாங்கும், நடுவுல ஏகப்பட்ட கை. இப்ப ஒரே டெண்டர், மாவட்டத்துக்கு மாவட்டம் கிடங்கு. மருந்து கிடங்குக்கு வந்ததும் மாதிரி எடுத்து வெளி லேப்ல டெஸ்ட் பண்ணி பாஸ் ஆனாத்தான் எங்களுக்கு வரும். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பேங்க் மாதிரி பாஸ்புக் உண்டு. அதுல இருக்கிற தொகைக்கு நாங்க வேணும்கிறதை எடுக்கலாம், காய்ச்சல் சீசன்ல ஒண்ணு, கோடையில ஒண்ணு. கேரளா, ராஜஸ்தான் எல்லாம் வந்து பாத்துட்டுப் போய் அதே மாதிரி ஆரம்பிச்சாங்க.

ஆட்சி எத்தனை தடவை மாறிச்சு? இதுல யாரும் கை வைக்கல. ஏன்னு யோசிச்சா, இதுல போட்டோ ஒட்ட இடமே இல்ல. மாத்திரை அட்டையில "விற்பனைக்கு அல்ல"ன்னு மட்டும்தான் இருக்கும். கோட்டூர்புரம் நூலகத்தைப் பாருங்க, 2010-ல திறந்து, அடுத்த வருஷமே ஆட்சி மாறினதும் குழந்தைகள் ஆஸ்பத்திரி ஆக்கப்போறோம்னு அறிவிச்சு, ஹைகோர்ட் தடை போட்டுத்தான் பிழைச்சது. என் பொண்ணு இப்ப அங்கதான் படிக்கிறா.

ஆனா மருந்து வந்து என்ன, எங்க சென்டர்ல ரத்தம் எண்ணுற மெஷின் ரிப்பேர். மெஷின் ஸ்கீம்ல வந்தது. சர்வீசுக்கு எந்த ஹெட்லயும், அதான் கணக்குத் தலைப்புலயும், பணம் இல்ல. புது மெஷின் வேணும்னா கேளுங்க, தர்றோம்ங்கிறாங்க!

---

ஓய்வுபெற்ற_கணக்கர் | புதன், மாலை 6:45

சாந்தி அம்மா, அந்தக் கடைசி வரியில்தான் விஷயமே இருக்கிறது. புது மெஷின் மூலதனச் செலவு. சர்வீஸ் வருவாய்ச் செலவு. வருவாய்ப் பற்றாக்குறை என்று பத்திரிகை திட்டுவது இரண்டாவதை. மூலதனச் செலவு கூடினால் பாராட்டு, மாநிலத்துக்கு டெல்லியிடமிருந்து வட்டியில்லாக் கடன்கூட மூலதனச் செலவுக்கென்றுதான் வருகிறது. ஆகவே கட்டடம் எழும், கருவி வரும். அதை இயக்குகிறவரின் சம்பளமும் துடைக்கிறவரின் சம்பளமும் "சுமை" என்ற தலைப்பில் போய்ச் சேரும். அதனால்தான் நீங்கள் பதினோரு மாத ஒப்பந்தத்தில் இருக்கிறீர்கள். ஆய்வு மாணவர்களின் உதவித்தொகையும் இந்தப் பக்கம்தான். டெல்லி, கோட்டை இரண்டிலும் இதே புத்தகம்தான்.

அரைடிக்கெட் தம்பி, யார்மேல் தப்பு என்று கேட்டாய். எந்தக் கட்சி மாநாட்டிலாவது "எங்கள் ஆட்சியில் ஏ.எம்.சி. ஒன்றுகூட விடுபடாது" என்று சொன்னால் கை தட்டுவாயா?

---

அரைடிக்கெட் | புதன், மாலை 7:01

தட்ட மாட்டேன் அங்கிள். ஏ.எம்.சி.ன்னா என்னன்னே இப்பதான் கூகிள் பண்ணேன்.

சாந்தி அக்கா, பஸ் மேட்டருக்கு சாரி.

---

அடையாறு_ஆலமரம் | புதன், இரவு 8:20

கணக்கர் சார், ரெண்டு பக்கமும் ஒரே புத்தகம்னு சமமாத் தட்டிட்டுப் போறதை ஏத்துக்க முடியல. பேனா யார் கையில இருக்குன்னு ஒண்ணு இருக்கே. வரியில பெரும்பங்கு அங்க, செலவுல பெரும்பங்கு இங்க. மாநிலத்துக்குக் கடன் 9 லட்சம் கோடியைத் தாண்டிப் போகுது, அதுல வட்டி கட்டிட்டு மிச்சத்துலதான் சாந்தி அக்கா மெஷினுக்கு சர்வீஸ். இதுல நான் மாற மாட்டேன்.

---

ஓய்வுபெற்ற_கணக்கர் | புதன், இரவு 8:34

மாற வேண்டாம். வரிப் பங்கீட்டில் உங்கள் பக்கம்தான் நானும். ஆனால் அந்த 4.079 நாளைக்கே 6 ஆனாலும் சர்வீசுக்கு ஹெட் வராது என்று என் ஓய்வூதியத்தைப் பந்தயம் வைக்கிறேன்.

---

தரமணி_தவளை | வெள்ளி, மதியம் 12:50

அப்டேட். ரெண்டு மாசப் பணம் வந்திருக்கு, ஜூலை, ஆகஸ்ட். ஹவுஸ் ஓனர்கிட்ட கொடுத்தாச்சு, பேசவே பேசாதவர் "காபி சாப்பிட்றியா"ன்னார். செப்டம்பர், அக்டோபர் எப்போன்னு தெரியல.

ஃப்ரீசர் நேத்து ராத்திரி அலாரம் அடிச்சது. மைனஸ் ஐம்பத்தி ரெண்டு வரைக்கும் ஏறிடுச்சு. பக்கத்து லேப் ஃப்ரீசர்ல இடம் கெஞ்சி, மூணு பேர் சேந்து தெர்மாகோல் பெட்டியில டிரை ஐஸ் போட்டு மழையில மாத்தினோம். என்னோடது பிழைச்சது. ஜூனியர் ஒருத்தியோட ஆறு மாச சாம்பிள் தெரியல, இன்னும் டெஸ்ட் பண்ணல, தைரியம் இல்லங்கிறா. கைடு கைக்காசு போட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கார்.

இன்னொரு கூத்து. ஆபீஸ்லேர்ந்து மெயில். எங்க திட்டத்தோட பழைய வங்கிக் கணக்குல, ஜீரோ பேலன்ஸ் வர்றதுக்கு முன்னாடி கிடந்த பணத்துக்கு 412 ரூபாய் வட்டி இருக்காம். அதைத் திங்கட்கிழமைக்குள்ள அரசுக்குத் திருப்பிக் கட்டலன்னா அடுத்த ரிலீஸ் நிக்குமாம். கணக்கர் சார், இது எப்படி கட்டறது?

---

ஓய்வுபெற்ற_கணக்கர் | வெள்ளி, மதியம் 1:15

பாரத்கோஷ் என்ற, அரசுக்குப் பணம் கட்டும் தளத்தில் கட்டு. எந்தத் துறை, எந்தக் கணக்குத் தலைப்பு என்பதை சாங்ஷன் ஆர்டரைப் பார்த்துப் போடு, தப்பான தலைப்பில் கட்டினால் திரும்ப வாங்க இரண்டு வருடம் ஆகும். சலானை ஜி.எஃப்.ஆர். 12-ஏ என்ற யு.சி. படிவத்தோடு இணை, வட்டியைத் தனி வரியில் காட்டு. இன்று மாலைக்குள் எக்ஸெலை எனக்கு அனுப்பு, ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.

அந்தப் பெண்ணிடம் சாம்பிளைச் சோதித்துப் பார்க்கச் சொல்.